சாஃப்ட் பேஸ்டலில் நிலக்காட்சி: பச்சை பொருந்தவில்லை, மலை பின்னே போகவில்லை

சாம்பல்நீலம்

அனைவருக்கும் வணக்கம். நீர்வண்ணத்தில் நெடுங்காலம் வரைந்துவிட்டு இப்போது சாஃப்ட் பேஸ்டல் என்னும் மென்மையான தூள்வண்ணக் குச்சிகளுக்கு வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்டது எளிய காட்சிதான்: முன்னே புல்வெளி, அதைத் தாண்டி ஒரு மரவரிசை, அதன் பின்னால் அடுத்தடுத்து இரண்டு மலைத்தொடர்கள், மேலே சிறிது மேகத்துடன் வானம். வெள்ளை நிறக் கான்சன் மி-டெயின்ட்ஸ் தாளையும், அரைக் குச்சிகள் கொண்ட ஒரு சிறிய பெட்டியையும் பயன்படுத்துகிறேன்.

மூன்று இடங்களில் தடுமாற்றம் ஏற்படுகிறது. பெட்டியில் உள்ள பச்சைகளை அப்படியே பூசினால் அவை காட்சியோடு ஒட்டாமல் தனியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்றோடொன்று கலந்து விரலால் தேய்த்தால் சேறாகிவிடுகின்றன. இரண்டாவதாக, தொலைவில் உள்ள மலைக்கு எவ்வளவு வெள்ளையைச் சேர்த்தாலும் அது வெளுக்கிறதே தவிரப் பின்னே போவதில்லை. மூன்றாவதாக, இறுதியில் வைக்க வேண்டிய வெளிச்சப் புள்ளிகள் தாளில் பிடிக்காமல் வழுக்குகின்றன. இவை மூன்றும் வெவ்வேறு சிக்கல்களா, அல்லது ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றனவா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கரிக்கோடு

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்குமான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

பேஸ்டல் குச்சி என்பது நிறமியும், சுண்ணத்தூள் அல்லது வெண்களிமண் போன்ற நிரப்பியும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்கு மிகக் கொஞ்சம் பிசினும் கலந்தது. எண்ணெய் வண்ணத்தைப் போலவோ அக்ரிலிக்கைப் போலவோ அது காய்ந்து படலமாவதில்லை. தாளின் சொரசொரப்பில் துகள்கள் சிக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். அந்த நுண்ணிய குழிகள் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் துகளுக்கு இடமில்லாமல் குச்சி வழுக்குகிறது. நீங்கள் வெளிச்சத்தை வைக்க வரும்போது தாள் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

தாள் இவ்வளவு விரைவில் நிறைவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ப்பதுதான். குச்சியைப் படுக்கவைத்து மெல்ல இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் படிந்து பள்ளங்கள் திறந்தே இருக்கும். அதையே விரலால் அழுத்தித் தேய்த்தால் தூள் முழுவதும் பள்ளத்துக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் கூடச் சேர்கிறது. மூன்று அடுக்கு தாங்கியிருக்க வேண்டிய தாள் ஒரே அடுக்கில் முடிந்துபோகிறது.

நீங்கள் பயன்படுத்தும் தாளைப் பற்றி ஒரு செய்தி. மி-டெயின்ட்ஸ் தாளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்றில் தேன்கூடு போன்ற ஒழுங்கான பதிவு இருக்கும், மற்றது மென்மையான சொரசொரப்புக் கொண்டது. தேன்கூட்டு முகத்தில் வானத்தை வரைந்தால் மேகங்களுக்கு நடுவே அந்தப் பதிவு எட்டிப்பார்க்கும். அதை மறைக்கத்தான் பலர் தேய்க்கவே தொடங்குகிறார்கள். தாளைத் திருப்பிப் போட்டாலே பாதித் தேய்ப்பு தேவையற்றதாகிவிடும்.

வரிசை என்று ஒன்று வைத்துக்கொள்ள வேண்டுமானால், கடினமான குச்சியில் தொடங்கி மென்மையான குச்சியில் முடிப்பதும், இருளில் தொடங்கி ஒளியை நோக்கிச் செல்வதும் பொதுவாகக் கைகொடுக்கும். நூபேஸ்டல், ஃபேபர்-காஸ்டல் போன்ற கடினமான, சதுர முனைக் குச்சிகள் தாளை அதிகம் நிரப்புவதில்லை. சென்னேலியே, ஷ்மிங்கே போன்ற மிக மென்மையான குச்சிகள் ஒரே தொடுதலில் நிறையத் தூளை விட்டுச் செல்கின்றன. அவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். நிறைந்துவிட்ட இடத்தைக் காப்பாற்றவும் வழியுண்டு: தாளைச் செங்குத்தாக நிறுத்தி, காய்ந்த முரட்டுத் தூரிகையால் மெதுவாகத் தட்டித் தூளை இறக்குங்கள். முழுமையாக மீளாது என்றாலும், ஓர் அடுக்குக்கு இடம் கிடைக்கும்.

முகடு

தொலைவைப் பற்றி நான் எழுதுகிறேன். மலைக்கு வெள்ளை சேர்ப்பது நீர்வண்ணப் பழக்கத்தின் எச்சம் என்று நினைக்கிறேன். அங்கே தண்ணீரைக் கூட்டினால் நிறம் வெளிறும், தாள் உள்ளிருந்து ஒளிரும். இங்கே வெள்ளைக் குச்சியை மேலே தேய்த்தால் மலையின் மீது சுண்ணம் அடித்தாற்போல் ஆகிவிடும்.

நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, சூரிய ஒளியில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடித்து நம் பார்வைக் கோட்டுக்குள் கொண்டுவருகிறது. அதனால் தொலைவில் உள்ள இருண்ட பகுதிகளின் மேல் ஒரு நீல ஒளித்திரை விழுகிறது. மற்றொன்று, தொலைவில் உள்ள வெளிச்சமான பொருளிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒளியிலிருந்தே நீலத்தைக் கழித்துவிடுகிறது. தொடுவானத்துக்கு அருகில் இருக்கும் வெண்மேகம், தலைக்கு மேலே உள்ள மேகத்தைவிடச் சற்று மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது இதனால்தான். ஆகவே தொலைவு என்றாலே எல்லாமே நீலமாகும் என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். இருள்கள் நீலத்தை நோக்கியும், ஒளிகள் வெதுவெதுப்பான நிறத்தை நோக்கியும் நகர்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், தொலைவில் முதலில் காணாமற்போவது கருமை என்பதுதான். முன்புலத்து மரத்தின் நிழலுக்கு எடுத்த குச்சியைத் தவறியும் பின்மலையில் தொடாதீர்கள். பின்மலையின் நிழலுக்கு உரிய டோன், அதாவது இருள்-வெளிச்ச அளவு, அநேகமாக நடுப்புல மரத்தின் வெளிச்சப் பகுதிக்கு அருகில் இருக்கும். இதைக் கேட்கும்போது மிகைபோலத் தோன்றும். ஒரு தாள் துண்டில் சிறிய துளையிட்டு, அதன் வழியாக இரண்டு இடங்களையும் மாறி மாறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மலைக்கு வேண்டியது பச்சையும் வெள்ளையும் சேர்ந்த கலவை அன்று. தொடக்கத்திலேயே அந்த டோனில் இருக்கும் ஒரு சாம்பல்நீலக் குச்சியும், அதே டோனில் ஒரு மங்கிய ஊதாவும்தான். இரண்டும் ஒரே டோனில் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று லேசாக உரசும்போது உருவம் குலையாது, நிறம் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

டோன்களை ஒழுங்குபடுத்துவதற்கு அமெரிக்க நிலக்காட்சி ஓவியரும் ஆசிரியருமான ஜான் எஃப். கார்ல்சன் கற்பித்த ஒரு முறை இன்றும் பயன்படுகிறது. ஒளி மேலிருந்து வருவதால், ஒளியின் ஊற்றான வானம் எல்லாவற்றிலும் வெளிச்சமானது. மல்லாந்து கிடக்கும் தரை அதற்கு அடுத்தது. சாய்வான மலைச்சரிவுகள் அதைவிட இருண்டவை. செங்குத்தாக நிற்கும் மரங்கள் எல்லாவற்றிலும் இருண்டவை. உங்கள் படத்தைக் கைபேசியில் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இந்த நான்கும் நான்காகப் பிரிந்து தெரிகின்றனவா, அல்லது புல்லும் மரமும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பது உடனே புலப்படும். ஒட்டிக்கொண்டிருந்தால், எந்தப் பச்சையை மாற்றினாலும் பயனில்லை.

வெண்கட்டி

முகடு அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நான்கு தளங்களின் கணக்கைச் சட்டமாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைமேகம் திரண்டு நிற்கையில், அதன் கீழே வெயில் விழுந்த மணல்வெளி வானத்தைவிடப் பன்மடங்கு வெளிச்சமாக இருக்கும். பனி படர்ந்த நிலமும் அப்படித்தான். மாலைச் சூரியன் தாழ்ந்திருக்கும்போது செங்குத்தான மரத்தண்டுகள் ஒளியை நேராக வாங்கிக்கொள்ள, தரையோ நிழலில் கிடக்கும். இத்தகைய நேரங்கள்தான் ஓவியரை வெளியே இழுப்பவை. அப்போது சூத்திரத்தைப் பார்த்து வரைந்தால், கண்ணெதிரே இருக்கும் வியப்பைத் துடைத்துவிட்டு ஒரு சராசரிப் பகலை வரைந்தவர்களாவோம்.

அடுத்து, கரிக்கோடு அவர்கள் விரலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் முக ஓவியர்களான ரோசல்பா கரியேராவும் மோரிஸ் கான்டன் த லா தூரும் பேஸ்டலை உச்சத்துக்குக் கொண்டுபோனபோது, முகத்தின் மென்மையை இழைத்து இழைத்துத்தான் உருவாக்கினார்கள். அந்தப் பரப்புகள் சேறாகிவிடவில்லை. வானம் என்பதும் முகத்தின் தோலைப் போல இடைவெட்டில்லாமல் மாறிக்கொண்டே போகும் பரப்பு. உச்சியில் ஆழ்ந்த நீலம், கீழிறங்க இறங்கச் சற்றே பச்சை கலந்த நீலம், தொடுவானத்தில் வெளிறிய வெதுவெதுப்பு என்று தெரியாமல் மாற வேண்டிய இடத்தில் கோடுகோடாக விட்டுவைத்தால், பார்ப்பவரின் கண் நிலத்துக்கு இறங்காமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கரிக்கோடு

வானத்தைப் பொறுத்தவரை உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் அடுக்கை இழைத்துவிடுங்கள். ஆனால் அதன்மேல் தேய்க்காத ஓர் அடுக்கு வர வேண்டும் என்பதே என் வாதம். லா தூரின் முகங்களிலும் இழைத்த பரப்பின்மேல் தனித்தனித் தீற்றல்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

முகத்தையும் நிலத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றும் கருதுகிறேன். இலைத்திரளும் புல்லும் சரளையும் இயல்பிலேயே உடைந்த பரப்புகள். 1860களில் பேஸ்டலில் வயல்வெளிகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லே, குறுக்கும் நெடுக்குமான கோடுகளால்தான் நிலத்தைக் கட்டினார். கோடுகளுக்கு இடையே தாளின் நிறம் தெரியும்படி விட்டார். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879-80இல் வெனிஸில் வரைந்த பேஸ்டல்களில் பழுப்புத் தாளே சுவராகவும் காற்றாகவும் நிற்கிறது. வண்ணம் சில இடங்களில் மட்டும் பளிச்சிடுகிறது. இவர்கள் அந்தத் தாளைத் தேய்த்து மூடியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

மேகத்துக்குப் பிரெஞ்சு ஓவியர் பூதானைப் பார்க்கலாம். ஓன்ஃப்ளூரில் அவர் வரைந்து வைத்திருந்த வானப் பயிற்சிப் படங்களைக் கண்ட கவிஞர் பொத்லேர், 1859ஆம் ஆண்டின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது அவற்றைக் குறிப்பிட்டார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி, மணி, காற்றின் திசை ஆகியன குறிக்கப்பட்டிருந்தன என்றும், அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்றும் பாராட்டினார். மேகத்தின் அடிப்பகுதி தட்டையாகவும் சாம்பலாகவும் இருப்பதையும், தொடுவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் சிறுத்து நெருங்கி அடுக்கப்படுவதையும் கவனித்து வரைந்தால், வானமும் தரையைப் போலவே பின்னோக்கிப் போகும் ஒரு தளமாகிவிடும். மேகத்தின் எல்லா ஓரங்களையும் மென்மையாக்கிவிடுவது இன்னொரு பொதுவான குறை. வெயில் படும் பக்கத்தில் ஓர் ஓரமாவது கூர்மையாக இருக்கட்டும்.

பச்சிலை

பச்சையைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் நுழைகிறேன். நிலக்காட்சியில் பலரையும் கவிழ்ப்பது இதுதான்.

கடையில் கிடைக்கும் பெட்டியில் உள்ள பச்சைகளில் பெரும்பாலானவை செறிவு மிக்கவை. தாலோ பச்சை என்னும் செறிந்த செயற்கை நிறமியை அடிப்படையாகக் கொண்டவை அப்பட்டமான குளிர்ச்சியோடு நிற்கும். வெயில் படும் இலைத்திரளில் உண்மையில் இருப்பவை மூன்று வெவ்வேறு பச்சைகள். வெயில் இலையின் ஊடாகக் கடந்து வரும் இடத்தில் மஞ்சள் மிகுந்த பச்சை. வானத்தை நோக்கி மல்லாந்திருக்கும் இலையின் மேற்பரப்பில் வானத்தின் பிரதிபலிப்பால் சாம்பல்நீலம் கலந்த, கிட்டத்தட்டப் பச்சையே அல்லாத ஒரு நிறம். திரளின் உட்புறத்தில் பழுப்பும் ஊதாவும் கலந்த இருள். இவற்றில் முதலாவதை மட்டும் மனம் நினைவில் வைத்துக்கொண்டு மரம் முழுவதையும் அதாலேயே பூசிவிடுகிறது.

நான் ஒரு மரத்தைக் கட்டும் விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடினமான குச்சியால், மங்கிய செங்காவி நிறத்தில் மரத்தின் முழு உருவத்தையும் ஒரே வடிவமாக நிரப்புவேன். இலை, கிளை எதுவும் இல்லை. அதன்மேல் நிழல் பக்கத்தில் ஆழ்ந்த ஊதாவையும், ஆழ்ந்த ஆலிவ் பச்சையையும் குச்சியைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக இழுப்பேன். இந்த நிலையில் படம் பார்ப்பதற்கு அழகாக இராது. மரம் காயம்பட்ட நிறத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்து நடுத்தர டோனில் ஒரு சாம்பல்பச்சை, வெயில் வரும் திசையில் மட்டும், அடியில் உள்ள செங்காவி அங்கங்கே தெரியும்படி அழுத்தமில்லாமல் வரும். சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள் என்பதால், இடையிடையே தெரியும் அந்தச் செம்மை பச்சையின் துருத்தலைத் தானாகவே அடக்கிவிடுகிறது. அதோடு பச்சைக்கு ஓர் உயிர்ப்பும் வருகிறது. பெட்டியில் உள்ள பளிச்சென்ற மஞ்சள்பச்சையை இறுதியில், திரளின் மேல்விளிம்பில் சில தொடுதல்களாக மட்டும் வைக்கிறேன். அதைத் தொட்டபின் அந்த இடத்தைத் திரும்பப் பார்ப்பதே இல்லை.

இலைகளின் நடுவே தெரியும் வானத் துளைகளுக்கு, வானத்துக்கு எடுத்த அதே குச்சியை எடுக்காதீர்கள். சின்னஞ்சிறு கிளைகளும் இலை நுனிகளும் குறுக்கிடுவதால் அந்தத் துளைகளின் வெளிச்சம் திறந்த வானத்தைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும். ஒரு படி இருண்ட நீலத்தை வைத்தால் துளை மரத்துக்குப் பின்னால் போய்விடும். அதே வானநீலத்தை வைத்தால் மரத்தின்மேல் ஒட்டிய பொட்டுகளாக நிற்கும்.

குச்சி வாங்கும்போது அதன் எண்ணையும் படித்துவிடுங்கள். ரெம்பிராண்ட் குச்சிகளில் காற்புள்ளிக்குப் பின் 5 இருந்தால் அது கலப்பற்ற நிறம். 3 இருந்தால் கருப்பு சேர்க்கப்பட்டது. 7இலிருந்து 10 வரை போகப் போக வெள்ளை கூடிக்கொண்டே செல்லும். ஒரே பச்சையின் 3, 5, 8 ஆகிய மூன்றையும் வாங்குவது, ஐந்து விதமான ‘5’ பச்சைகளை வாங்குவதைவிடப் பயனுள்ளது. எல்லா நிறங்களுக்கும் இதே நிலைதான்: பெட்டியில் செறிவான நடுத்தர டோன்கள் குவிந்திருக்கும், நிலக்காட்சிக்கு வேண்டிய ஆழ்ந்த இருள்களும் மங்கிய சாம்பல்களும் குறைவாக இருக்கும்.

சாம்பல்நீலம்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பச்சிலை அவர்கள் சொன்ன முறையை ஒரு துண்டுத் தாளில் செய்து பார்த்தேன். ஊதாவின்மேல் ஆலிவ் பச்சை விழும்போது கிடைக்கும் நிழல், என் பெட்டியில் உள்ள எந்தப் பச்சையாலும் கிடைக்காத ஒன்று. தாளைத் திருப்பியதும் நல்ல மாற்றத்தைத் தந்தது.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதல் அடுக்கைத் தண்ணீராலோ ஆல்கஹாலாலோ கரைத்து அடிவண்ணமாக்குகிறார்கள் என்று அறிகிறேன். அதை எந்தத் தாள் தாங்கும்? இரண்டாவது, தூள் உதிராமல் பிடிக்கத் தெளிக்கும் பிசின் திரவமான ஃபிக்சேட்டிவை அடிக்கலாமா கூடாதா?

முகடு

தாள் பற்றிச் சுருக்கமாக. மி-டெயின்ட்ஸ் சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ளது. ஈரம் பட்டால் நெளியும். ஈரமான அடிவண்ணத்துக்கு யூஆர்ட் போன்ற உப்புத்தாள் வகைப் பரப்புகளே ஏற்றவை. அவை 240 முதல் 800 வரை தரங்களில் வருகின்றன, எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். நிலக்காட்சிக்கு 400இல் தொடங்கிப் பாருங்கள். 360 கிராம் எடையுள்ள பேஸ்டல்மேட் தாளும் ஈரத்தைத் தாங்கும். அதன் பரப்பு கைக்கு வழவழப்பாக இருந்தாலும் வண்ணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சென்னேலியேயின் லா கார்ட் அட்டையில் மட்டும் ஒரு துளி ஈரம்கூடப் படக் கூடாது. அதன் பூச்சு அந்த இடத்தில் கரைந்து பெயர்ந்துவிடும், தும்மல்கூட ஆபத்துதான்.

கரைப்பதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வசதியானது, விரைவில் காய்ந்துவிடும். மூன்று நான்கு பெரிய வடிவங்களைக் கடினமான குச்சியால் லேசாக நிரப்பி, பழைய தூரிகையை நனைத்து ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே கரையுங்கள். இருளில் தொடங்கி வெளிச்சத்துக்குப் போனால் வெளிச்சம் அழுக்காகும், ஆகவே இங்கே மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி, வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போங்கள். தானாக வழியும் வண்ணத்தைத் துடைக்காமல் விட்டுவைத்தால், பின்னால் புல்லாகவோ நீர்க்கரையாகவோ அது பயன்படக்கூடும். சன்னலைத் திறந்துவைக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெண்கட்டி

ஃபிக்சேட்டிவ் அடித்தால் படம் ஏன் இருள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே அடிக்கலாம் என்பது தானே தெளியும். பேஸ்டல் பரப்பின் ஒளிர்வுக்குக் காரணம், துகள்களுக்கு இடையே உள்ள காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, சுண்ணத்தின் எண் ஏறத்தாழ 1.6, இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறித் திரும்புகிறது. ஃபிக்சேட்டிவில் உள்ள பிசினின் எண் சுமார் 1.5. அது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சுண்ணத்துக்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால், சிதறல் நின்று, துகள் பாதி ஒளி ஊடுருவுவதாகிவிடுகிறது. கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் தெரிவது போன்றதே இது. வேறுபாடு, பிசின் காய்ந்து போவதில்லை. டைட்டானியம் வெள்ளையின் எண் 2.5க்கும் மேல் என்பதால் அது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. சுண்ணம் அதிகம் சேர்ந்த மலிவான வெளிர்நிறக் குச்சிகளே முதலில் மங்குகின்றன.

ஆகவே என் பரிந்துரை: இருண்ட அடிப்படை அடுக்குகள் முடிந்ததும் அடியுங்கள். அந்த இருள் மேலும் ஆழமாவது நமக்குச் சாதகமே. தாளுக்குக் கொஞ்சம் பிடிமானமும் திரும்பக் கிடைக்கும். பிரெஞ்சு ஓவியர் தேகாவும் அடுக்குகளுக்கு இடையே ஃபிக்சேட்டிவ் பயன்படுத்தியவர்தான். இறுதி வெளிச்சங்களை வைத்தபிறகு அடிக்காதீர்கள்.

கரிக்கோடு

இறுதியில் அடிக்கக் கூடாது என்பதில் உடன்படுகிறேன். இடையிலும் அடிக்காமல் தப்ப முடிந்தால் நல்லது என்பது என் எண்ணம். நல்ல உப்புத்தாள் இருந்தால் அதற்குத் தேவையே எழாது. தாளின் குறையை மருந்தால் சரிசெய்வதைவிட, தாளை மாற்றுவது மேல்.

அப்படியானால் படத்தைக் காப்பது எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். கண்ணாடிதான் காப்பு. கண்ணாடி பரப்பைத் தொடாதபடி மவுண்ட் அட்டையோ (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய அட்டை) இடைவெளிப் பட்டையோ நடுவில் இருக்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் தகடு நிலைமின்னேற்றத்தால் தூளை இழுத்துக்கொள்ளும். அதற்கெதிரான பூச்சுள்ள உயர்வகை அக்ரிலிக் என்றால் பயமில்லை. மவுண்டுக்குப் பின்னால் சிறிய இடைவெளி விட்டால், உதிரும் தூள் மவுண்டின் வெட்டு விளிம்பில் தங்காமல் உள்ளே விழுந்துவிடும். சட்டமிடாத படங்களுக்கு மேல் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாளைப் போர்த்தித் தட்டையாக வையுங்கள்.

தூளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கேட்மியம், கோபால்ட் போன்ற நிறமிகள் உள்ள குச்சிகளும் இருக்கின்றன. படத்தின் மேல் வாயால் ஊதவே ஊதாதீர்கள். ஈசலை (படந்தாங்கியை) சற்று முன்பக்கம் சாய்த்தால் தூள் படத்தில் வழியாமல் நேரே கீழே விழும். அடியில் மடித்த காகிதம் ஒன்றை வைத்து ஏந்திக்கொள்ளலாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தேய்ப்பதை விட முடியாதவர்கள் கையுறையையாவது போட்டுக்கொள்ளட்டும். வெண்கட்டி அவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.

வெண்கட்டி

எடுத்துக்கொள்ளவில்லை. கையுறை போட்டுத்தான் தேய்க்கிறேன்.

சாம்பல்நீலம்

நான் இதுவரை புகைப்படத்தைப் பார்த்தே வரைந்தேன். வெளியே சென்று நேரில் வரைவதற்குப் பேஸ்டல் ஏற்றதா? அப்படியானால் எத்தனை குச்சிகள் போதும்?

முகடு

மிகவும் ஏற்றது. காய வேண்டியதில்லை, கலவைத் தட்டு வேண்டியதில்லை, எடுத்த எடுப்பில் நிறம் தாளில் விழும். 1901 ஜனவரியில் பிரெஞ்சு ஓவியர் மோனே லண்டனுக்குப் போனபோது அவருடைய கான்வாஸ்கள் வந்துசேரத் தாமதமாயின. அந்த இடைவெளியில் அவர் தேம்ஸ் நதியையும் வாட்டர்லூ பாலத்தையும் மூடுபனியோடு பேஸ்டலில் வரைந்தார். நொடிக்கு நொடி மாறும் மூடுபனியைப் பிடிக்க அதைவிட விரைவான ஊடகம் அவருக்குக் கிடைத்திருக்காது.

புகைப்படத்தில் இரண்டு குறைகள் உண்டு. வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்தால் கேமரா நிழல்களைக் கறுப்பாக்கிவிடும். நிழலுக்கு ஏற்ப அளந்தால் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. மர நிழலுக்குள் எட்டிப்பார்க்கும் ஊதாவையும் நீலத்தையும் படத்தில் தேடினால் கிடைக்காது. நேரில் வரையும்போது வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், முதலில் நிழல்களின் வடிவத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு அவை எங்கே நகர்ந்தாலும் குறித்ததை மாற்றாமல் முடியுங்கள். உள்ளங்கையளவில் மூன்று டோன்களில் ஒரு பென்சில் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டால் இந்த உறுதி எளிதாக வரும்.

குச்சிகளைப் பொறுத்தவரை, முப்பது நாற்பது அரைக் குச்சிகள் போதும். மிக இருண்ட வரிசையில் ஊதா, நீலம், பச்சை, பழுப்பு என நான்கு. இவை சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை, தனியாக வாங்க வேண்டியிருக்கும். நடுத்தர வரிசையில் செறிவானவற்றைவிட மங்கியவை அதிகமாக இருக்கட்டும்: சாம்பல்பச்சை, காவி, மங்கிய ஊதா, சாம்பல்நீலம். வெளிச்ச வரிசையில் வெள்ளைக்குப் பதிலாக வெளிர்மஞ்சள், வெளிர்நீலம், வெளிறிய இளஞ்சிவப்பு ஆகியன போதும். செறிவான மஞ்சள்பச்சை, ஆரஞ்சு, தெளிந்த நீலம் என மூன்று மட்டும் ஓர் ஓரத்தில். தட்டில் நிறவாரியாக அடுக்காமல் டோன்வாரியாக அடுக்குங்கள். சரியான டோன் உள்ள குச்சி கைக்கு எட்டினால், நிறம் சற்றுத் தவறினாலும் படம் தாங்கிக்கொள்ளும்.

பச்சிலை

வெளியே போனால் நீர்நிலை எதிர்ப்படாமல் இராது, ஆகவே ஒரு குறிப்பு. நீரில் விழும் பிரதிபலிப்பில் இருண்ட பொருள் சற்றே வெளிறியும், வெளிச்சமான பொருள் சற்றே இருண்டும் தெரியும். முதலில் குச்சியைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிரதிபலிப்பை வையுங்கள். பிறகு ஒன்றிரண்டு கிடைக்கோடுகளால் மட்டும் நீரின் பரப்பைக் காட்டுங்கள். கிடைக்கோடுகளைத் துல்லியமாகத் தொடுவானத்துக்கு இணையாக இழுக்காவிட்டால் ஏரி சரிந்துவிடும்.

குச்சிகள் ஒன்றோடொன்று உரசி எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரியத் தொடங்கும்போது, ஒரு டப்பாவில் அரிசியோடு சேர்த்துப் போட்டு மெதுவாகக் குலுக்கினால் மேல்தூள் நீங்கிவிடும். அந்த அரிசியைப் பிறகு குப்பையில்தான் போட வேண்டும். ஈசலின் அடியில் சேரும் தூளையும் எறிய வேண்டாம். சில துளித் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி நிழலில் காயவைத்தால் சாம்பல் குச்சிகள் கிடைக்கும், கடையில் அந்த நிறங்கள் கிடைப்பது அரிது. தாலோ நீலத்தையும் தாலோ பச்சையையும் தொட்ட நாளின் தூளை மட்டும் தனியாக வையுங்கள். அந்த இரண்டும் மிகக் கொஞ்சம் சேர்ந்தாலே முழு உருண்டையையும் தம் நிறத்துக்கு இழுத்துவிடும்.